ஒரே நடைவழி, இரண்டு மறுப்புகள்: ஆட்டிசம் உள்ள சிறுமியும் வீட்டுப் பூனையும் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோயம்புத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. வீட்டில் தாய், தந்தை, தந்தைவழிப் பாட்டி, 9 வயது மகள். மகளுக்கு 4 வயதில் ஆட்டிசம் என்று உறுதி செய்யப்பட்டது. சின்னச் சின்ன வாக்கியங்களில் பேசுவாள். எண்களிலும் அட்டவணைகளிலும் அவளுக்கு ஈடுபாடு அதிகம். தாய் வீட்டிலேயே தையல் வேலை செய்வதால் பொத்தான்களை அளவு வாரியாகப் பிரித்து டப்பாக்களில் போட்டு எண்ணி எழுதிவைப்பது அவள் தினசரி வேலை. அவர்களோடு ஒரு நாட்டுப் பூனையும் இருந்தது: ஆண், 3 வயது, கருத்தடை செய்யப்பட்டது, எடை 4.5 கிலோ, வெளியே விடாமல் வளர்க்கப்பட்டது.

குடும்பம் வாடகை வீடு மாறியது. சில வாரங்களில் இரண்டு சிக்கல்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் தொடங்கின. பூனை தன் லிட்டர் தொட்டியை (பூனை மலசலம் கழிக்க மணல் போன்ற துகள் நிரப்பிய பெட்டி) விட்டுவிட்டு சோபா மூலையிலும் தைக்க வந்த துணி மூட்டைமேலும் சிறுநீர் கழித்தது. பகலில் கழிவறைப் பழக்கம் வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்த சிறுமி உடையிலேயே போக ஆரம்பித்தாள். கழிவறைக்கு அழைத்தால் நடைவழியின் தொடக்கத்திலேயே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கையைப் பிடித்து இழுத்தால் அலறல், தலையைச் சுவரில் மோதுதல், பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் சோர்ந்து கிடத்தல்.

வீட்டில் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. "வீடு மாத்துன கோபத்துல பழி வாங்குது" என்று பாட்டி பூனையைச் சொன்னார். சிறுமியின் பிரச்சினை பிடிவாதம் என்றார்கள். பள்ளியில் 'பின்னடைவு' என்றார்கள். தந்தை சொன்னதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது: பூனைகளும் ஆட்டிசம் உள்ளவர்களும் ஒரே மாதிரி, இடம் மாறினால் இருவருக்கும் ஒத்துக்கொள்ளாது, பழகிவிடும். அதில் முதலில் பொய்த்தது கடைசிச் சொல். நாளாக ஆக இரண்டும் மோசமாகிக்கொண்டே போயின. குழந்தை வளர்ச்சி மையமொன்றின் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் (அன்றாடச் செயல்களைச் செய்ய உதவும் சிகிச்சையாளர்) பூனையைப் பார்த்துவந்த கால்நடை மருத்துவரும் தங்கள் குறிப்புகளை ஒப்பிட ஆரம்பித்தது இந்தக் கட்டத்தில்தான்.

முதலில் உடல்நிலை

நடத்தையைப் பற்றிப் பேசுவதற்கு முன் இருவரின் சிறுநீரும் பரிசோதிக்கப்பட்டது. இந்த வரிசையை மாற்றக் கூடாது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் மலச்சிக்கல் அடிக்கடி காணப்படுகிறது. மலம் தேங்கிய பெருங்குடல் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் பகலிலேயே உடை நனையும். சிறுமிக்குச் சிறுநீர்த் தொற்று இல்லை, ஆனால் மலச்சிக்கல் இருந்தது. அதற்கு மருந்து தொடங்கப்பட்டது.

பூனைக்கும் தொற்று இல்லை. சிறுநீரில் கொஞ்சம் இரத்த அணுக்களும் சில படிகங்களும் தெரிந்தன. காரணம் பிடிபடாத சிறுநீர்ப்பை அழற்சி என்று மருத்துவர் கருதினார். உள்ளிருப்புப் பூனைகளில், குறிப்பாக வீட்டுச் சூழல் மாறும்போது, இது அடிக்கடி வரும். சிறுநீர் கழிக்கும்போது வலித்தால் பூனை அந்த வலியைத் தொட்டியோடு சேர்த்து நினைவில் வைத்து வேறு இடம் தேடும். பழிவாங்கல் அதில் எங்கும் இல்லை. ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் குறுகலானது என்பதால் அடைப்பு வரக்கூடும் என்ற எச்சரிக்கையும் அன்றே சொல்லப்பட்டது. குடும்பத்தின் நினைவில் அது தங்கவில்லை.

குறிப்பேடு காட்டியது

தாயிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு பத்திகள் போடச் சொல்லப்பட்டது: நேரம், இடம், அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் நடந்தது, பிறகு மற்றவர்கள் செய்தது. சிறுமிக்கும் பூனைக்கும் ஒரே நோட்டு. தனித்தனி நோட்டு வைத்திருந்தால் பின்வருவது கண்ணில் பட்டிருக்காது.

இருவரும் தவிர்த்தது ஒரே நடைவழியை. அதன் முடிவில் இடப்பக்கம் குளியலறையுடன் கழிவறை, வலப்பக்கம் துணி துவைக்கும் பால்கனி. லிட்டர் தொட்டி அந்தப் பால்கனியில் இருந்தது. பூனை நடைவழியின் பாதி வரை வந்து, காதுகளைப் பக்கவாட்டில் மடக்கி, வயிறு தரையில் படத் திரும்பியது. சிறுமி உட்காருவதும் ஏறத்தாழ அதே இடத்தில். மின்சாரம் போன ஒரு மதியம் இருவரும் தடையில்லாமல் போய்வந்திருந்தார்கள். தாய் அதையும் எழுதிவைத்திருந்தார். அதன் பொருள் அப்போது யாருக்கும் படவில்லை.

அந்த இடத்தில், முழங்கால் உயரத்தில் இருந்த பிளக்கில், எலி விரட்டும் அல்ட்ராசோனிக் கருவி (மிக உயர்ந்த அதிர்வெண்ணில் ஒலி எழுப்புவது) ஒன்று செருகப்பட்டிருந்தது. குடிவந்த புதிதில் தந்தை வாங்கி மாட்டியது. பெரியவர்கள் மூவருக்கும் அது ஓசையே எழுப்பாத பொருள்.

பூனையின் கேள்திறன் சுமார் 48 ஹெர்ட்ஸிலிருந்து 85 கிலோஹெர்ட்ஸ் வரை நீள்கிறது. இத்தகைய கருவிகள் எழுப்பும் ஒலியின் பெரும்பகுதி அதற்குள்தான் வரும். மனிதக் குழந்தையின் மேல் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். வயது ஏற ஏற அது இறங்கி, நடுவயதில் பலருக்கு 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் கேட்பதில்லை. ஒலியை அதிர்வெண் வாரியாக வரைபடமாகக் காட்டும் செயலியைத் தொலைபேசியில் திறந்து கருவியருகே பிடித்தபோது 18 கிலோஹெர்ட்ஸை ஒட்டி ஒரு கூரான கோடு எழுந்து எழுந்து அடங்கியது. தொலைபேசி மைக்கால் 22 முதல் 24 கிலோஹெர்ட்ஸ் வரைதான் அளக்க முடியும். அதற்கு மேலே இருந்தது திரையில் வரவில்லை. ஆனால் சிறுமிக்குக் கேட்கக்கூடிய பகுதி இருக்கிறது என்பது உறுதியானது.

உடனே பிடுங்காமல் சோதித்த காரணம்

பிடுங்கி எறிவது எளிது. ஆனால் வீடு, தரை துடைக்கும் திரவம், லிட்டர் வகை, பள்ளி நேரம் எல்லாம் அந்த மாதத்தில்தான் மாறியிருந்தன. மலச்சிக்கல் மருந்தும் தொடங்கியிருந்தது. எது பலன் தந்தது என்று தெரியாமல் போனால், எலி வந்த அன்று தந்தை மறுபடி அதைச் செருகிவிடுவார். அதனால் கருவியின் சிறு விளக்கைக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் மூடி, தந்தை மட்டும் காலையில் சுவிட்சைப் போடுவது அல்லது அணைப்பது, அது எந்த நிலையில் இருக்கிறது என்று தாய்க்குச் சொல்லாமல் அவரை வழக்கம்போல் எழுதவைப்பது என்று முடிவானது. அலறல் வந்தால் அன்றைய சோதனை அங்கேயே நிற்கும். ஒரு வாரத்துக்கு மேல் நீட்டுவதில்லை.

அணைந்திருந்த நாள்களில் சிறுமி நடைவழியைக் கடந்தாள். போட்டிருந்த நாள்களில் கடக்கவில்லை. கருவி நிரந்தரமாக எடுக்கப்பட்டது. எலிக்குக் கூண்டுப் பொறியும், குழாய் நுழையும் துளைகளுக்குக் கம்பி வலையும் சிமெண்ட்டும். எலிகள் இந்த ஒலிக்குச் சீக்கிரம் பழகிவிடுவதால் கருவியின் பயன் குறைவுதான். அமெரிக்காவின் வணிக ஆணையம் 2001-லேயே இதன் தயாரிப்பாளர்களுக்கு விளம்பர வாசகங்கள் குறித்து எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறது.

அதோடு முடியவில்லை

சிறுமி கழிவறை வாசல் வரை வந்தாள், உள்ளே போகவில்லை. பூனை பால்கனி வரை போனது, தொட்டிக்குள் இறங்கவில்லை. ஒலி போனதும் மூக்கின் கணக்கு மீதமிருந்தது.

தரை கறுப்பு பினாயிலால் துடைக்கப்பட்டுவந்தது. பீனால் சேர்மங்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. பாதத்தில் ஒட்டியதை நக்கினாலே நஞ்சாகலாம். சிறுமிக்கு அந்த வாடையில் குமட்டல். லிட்டரோ லாவண்டர் மணம் சேர்த்தது. மனிதருக்குப் பிடிக்கும் என்று வாங்கியது. பினாயில் நிறுத்தப்பட்டு, மணமற்ற சோப்புக் கரைசலும் பிறகு வெறும் தண்ணீரும் என்று மாறியது. சிறுநீர் பட்ட சோபாவுக்கும் துணிக்கும் என்சைம் கலந்த துப்புரவுத் திரவம். அம்மோனியா உள்ளது கூடாது. சிறுநீர் வாடையை ஒத்திருப்பதால் பூனையை அதே இடத்துக்கு அழைக்கும்.

தொட்டியும் சிறியது. பூனையின் மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை உள்ள நீளத்தைப்போல் ஒன்றரை மடங்காவது தொட்டி இருக்க வேண்டும். 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம் கொண்ட பிளாஸ்டிக் சேமிப்புப் பெட்டியின் ஒரு பக்கத்தை 12 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, விளிம்பை உரசி மழமழப்பாக்கி, மணமில்லாத பென்டோனைட் (ஈரம் பட்டால் கட்டியாகும் களிமண்) லிட்டரை 5 செ.மீ. ஆழத்துக்கு நிரப்பினார்கள். ஒரு பூனைக்கு இரண்டு தொட்டி என்பது கணக்கு. இரண்டாவது, கூடத்தின் ஒதுக்குப்புறத்தில், சாப்பாட்டுக் கிண்ணத்திலிருந்து தள்ளி வைக்கப்பட்டது. பாட்டிக்கு இதில் உடன்பாடில்லை. தினம் இருமுறை அள்ளினால் வாடை வராது என்று ஒரு வாரம் பார்த்த பிறகே ஒப்புக்கொண்டார்.

கழிவறையில் எக்ஸாஸ்ட் விசிறியின் சுவிட்ச் விளக்கோடு இணைந்திருந்தது. எலக்ட்ரீஷியன் இரண்டையும் பிரித்தார். சிறுமி விசிறியை அணைத்துவிட்டு உள்ளே போகத் தொடங்கினாள்.

ஒப்புமை எதற்கு உதவியது

பெரியவர்கள் கேட்காத ஒலியைக் கேட்பது, மணத்தில் சிறு மாற்றத்தையும் கண்டுகொள்வது, வழக்கம் மாறினால் நிலைகுலைவது, நேர்ப்பார்வையைத் தவிர்ப்பது, இடுக்கான இடத்தில் அமைதியடைவது, விருப்பமில்லாத தொடுதலில் திடீரென்று பொங்குவது. பட்டியல் பொருந்துகிறது. புலனுணர்வு மிகுவதும் குறைவதும் ஆட்டிசத்துக்கான அளவுகோல்களில் 2013-ல் வந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம்.-5 கையேட்டில்தான் இடம்பெற்றது. அதே ஆண்டு பூனை மருத்துவர் அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டி வீட்டுப் பூனைக்கு ஐந்து தேவைகளைச் சொன்னது: ஒளிந்துகொள்ளப் பாதுகாப்பான இடம், உணவு, நீர், தொட்டி ஆகியவை தனித்தனி இடங்களில், வேட்டையாடுவது போன்ற விளையாட்டு, எதிர்பார்க்கக்கூடிய, சீரான மனிதத் தொடர்பு, மோப்பத்துக்கு மதிப்புத் தரும் சூழல். வேட்டையை எடுத்துவிட்டால் மீதி நான்கும் அந்தச் சிறுமியின் வீட்டுத் திட்டத்தில் அப்படியே எழுதக்கூடியவை.

இவற்றின் வேர் வேறு வேறு. பூனை தனித்து வேட்டையாடிய ஆப்பிரிக்கக் காட்டுப் பூனையின் வழிவந்தது; அதன் கூச்சமும் எச்சரிக்கையும் அந்த இனத்தின் இயல்பு, அதற்கு ஆட்டிசம் என்று பெயரிட இடமில்லை. உற்றுப் பார்ப்பது பூனைகளுக்கிடையே மிரட்டல். சிறுமிக்கோ, முகத்தைப் பார்த்துக்கொண்டே சொற்களையும் வாங்கிக்கொள்வது பெரிய சுமை. பள்ளி கேட்ட 'கண் பார்த்துப் பேசும் பயிற்சி' இதனால்தான் திட்டத்தில் சேர்க்கப்படவில்லை. மனிதரை விலங்கோடு ஒப்பிடுவது எல்லோருக்கும் ஏற்புடையது அல்ல. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் சிலர் அந்த ஒப்புமையை விரும்பிச் சொல்வார்கள். அது அவர்கள் வாயிலிருந்து வர வேண்டியது. இந்தக் குடும்பத்தில் ஒப்புமை சிறுமியைப் பற்றிய பேச்சாகப் பயன்படுத்தப்படவில்லை. வீட்டை ஒழுங்குபடுத்தும் பட்டியலாக மட்டும் பயன்பட்டது.

தொடுதலில் அது முறிந்தது

சிறுமிக்கு மெல்லிய வருடல் பிடிக்காது, இறுக்கமான அணைப்பு பிடிக்கும். தனக்குப் பிடித்ததைப் பூனைக்கும் தந்தாள்: இரு கையாலும் சேர்த்து மார்போடு இறுக்கினாள். பூனைக்கு அது சிறை. பிராண்டல், ஒருமுறை கடி. 'இருவரும் ஒரே மாதிரி' என்று அவளிடம் சொல்லப்பட்டிருந்ததும் இதற்கு ஒரு காரணம்.

அணைப்புக்கு எடையுள்ள போர்வையும் தந்தையும். பூனைக்கு மூன்று விநாடி விதி: விரலை நீட்டு, பூனை முகர்ந்து கன்னத்தை உரசினால் கன்னத்திலும் தாடைக்குக் கீழும் மூன்று எண்ணும் வரை தடவு, கையை எடு. மறுபடி உரசினால் தொடரலாம், இல்லையென்றால் முடிந்தது. வயிறும் வால் அடியும் கூடாது. வால் நுனி துடிப்பது, முதுகுத் தோல் சிலிர்த்து ஓடுவது, காது திரும்புவது ஆகிய மூன்றும் படங்களாக வரைந்து ஒட்டப்பட்டன. எண்ணுவது அவளுக்கு இயல்பாக வருவதால் விதி சீக்கிரம் பிடிபட்டது. மெதுவாகக் கண்ணை மூடித் திறப்பதையும் கற்றுக்கொண்டாள். அப்படிச் செய்பவரைப் பூனைகள் கூடுதலாக நெருங்குகின்றன என்று சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2020-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. உற்றுப் பார்க்கத் தேவையில்லாத ஒரு வணக்கம் அவளுக்கும் வசதி.

கூடவே ஒளிவிடம். பூனைக்கு அட்டைப்பெட்டி, சிறுமிக்குத் தையல் மேசைக்கு அடியில் திரை போட்ட இடம். புதிதாக வந்த காப்பகப் பூனைகளுக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தால் மன அழுத்தம் விரைவில் குறைவதை நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் 2014-ல் காட்டியிருக்கிறார்கள். வீட்டு விதி: உள்ளே இருப்பவரை யாரும் தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது. விளக்கமே இல்லாமல் சிறுமி இதை ஏற்றுக்கொண்டாள். லிட்டர் அள்ளும்போது சிறுநீர்க் கட்டிகளை எண்ணி, குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிய அட்டவணையில் எழுதுவதும் அவள் பொறுப்பானது. வழக்கமாக நாளுக்கு மூன்று வரும்.

அவசர நிலை

பொங்கலுக்கு உறவினர்கள் வந்து தங்கினார்கள். பூனை பெட்டிக்குள் போனது. சாப்பிட வரவில்லை. கூட்டம் பிடிக்கவில்லை, விதிப்படி விட்டுவிடுவோம் என்று பெற்றோர் நினைத்தார்கள்; சிறுமியும் மேசைக்கு அடியில்தான் இருந்தாள் என்பதால் அந்த விளக்கம் பொருத்தமாகவே தெரிந்தது. இரவில் பூனை தொட்டிக்கு நான்கைந்து முறை போய் முக்கியதைப் பாட்டி பார்த்து மலச்சிக்கல் என்று எண்ணினார். காலையில் வாந்தி. அதற்குப் பிறகுதான் தாய் அட்டவணையைப் பார்த்தார். முந்தைய மாலைக்கான கட்டத்தில் சிறுமி 0 என்று எழுதியிருந்தாள். காலைக் கட்டத்திலும் 0.

பெட்டியிலிருந்து பூனையை எடுக்க விடாமல் சிறுமி தடுத்தாள். விதி அவளுக்கு விதி. அதில் மேலும் நேரம் போனது.

மருத்துவர் தொட்டுப் பார்த்தபோது சிறுநீர்ப்பை ஆரஞ்சுப் பழ அளவுக்கு இறுகியிருந்தது. சிறுநீர்க்குழாய் அடைப்பு. வெளியேற முடியாத பொட்டாசியம் இரத்தத்தில் உயர்ந்து இதயத் துடிப்பு மந்தமாகியிருந்தது. இந்த நிலையில் ஆண் பூனை இரண்டு மூன்று நாளில் இறந்துவிடும். நரம்பு வழியே கால்சியம் குளுகோனேட்டும் திரவமும் கொடுத்து, மயக்கமூட்டி, குழாய் செலுத்தி அடைப்பு நீக்கப்பட்டது. குழாய் இரண்டு நாள் உள்ளேயே வைக்கப்பட்டது. பூனை பிழைத்தது. வலிக்கு என்று வீட்டில் யாரும் பாராசிட்டமால் கொடுக்காதது நல்லதாயிற்று; பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கும்.

விளைவு

பூனைக்கு உலர் உணவு குறைக்கப்பட்டு டின் உணவு தொடங்கியது. உலர் உணவில் நீர் சுமார் 10 சதவீதம், டின் உணவில் 75-க்கு மேல். மூன்று இடங்களில் அகலமான தண்ணீர்க் கிண்ணம். அடைப்பு இதுவரை திரும்பவில்லை, திரும்பாது என்று சொல்ல முடியாது. தொட்டிக்கு வெளியே போவது நின்றது.

சிறுமியின் உடை நனைவது வீட்டில் நின்றுவிட்டது. பள்ளியில் வாரத்துக்கு ஓரிரு முறை தொடர்கிறது. அங்கே கழிவறை எதிரொலிப்பதும் பினாயிலும் அப்படியே இருக்கின்றன. பூனையால் அவளுக்குப் பேச்சு வளர்ந்ததா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அப்படிச் சொல்ல இந்த நிகழ்வில் ஆதாரம் இல்லை. மிசூரி பல்கலைக்கழகம் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் இருக்கும் 11 குடும்பங்களில் பூனை வளர்ப்பை ஆராய்ந்தபோது, பரிவு கூடியதையும் பிரிவுப் பதற்றம் குறைந்ததையும் கண்டது. ஆனால் அந்தப் பூனைகள் சாந்த குணம் சோதிக்கப்பட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. தெருவில் கிடைத்த குட்டியைத் தெரபிக்காக வாங்கி வைப்பதற்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது.

மாற்றப்பட்டவை

ஒளிவிட விதிக்கு இப்போது ஒரு விலக்கு உண்டு. சிவப்பு அட்டை தொங்கினால் உள்ளே இருப்பவரை எடுக்கலாம். பழகுவதற்காக, அவசரம் இல்லாத நாள்களிலும் வாரம் ஒருமுறை அட்டையைத் தொங்கவிட்டுப் பூனையைக் கூடையில் ஏற்றி இறக்குகிறார்கள்.

ஒதுங்குவது என்பதைத் தனித்துப் படிப்பதில்லை. பூனையிடம்: சாப்பாடு, சிறுநீர்க் கட்டி எண்ணிக்கை, தொட்டிக்குப் போன தடவை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 12 மணி நேரம் கட்டி இல்லையென்றால், அல்லது முக்கியும் வரவில்லையென்றால், இரவானாலும் மருத்துவரிடம். வலியை மறைப்பது பூனையின் பழைய உயிர்காப்பு. சிறுமிக்கோ உடலுக்குள்ளிருந்து வரும் அறிகுறிகளைப் பிரித்தறிந்து சொல்வது கடினம். காரணம் வேறானாலும் பார்ப்பவருக்கு இரண்டுமே அமைதியாகத்தான் தெரியும். ஆகவே அவள் வழக்கத்தை விட நீண்ட நேரம் மேசைக்கு அடியில் இருந்தால் காய்ச்சல், பல், காது, வயிறு, கடைசியாக மலம் கழித்த நாள் ஆகியவை பார்க்கப்படுகின்றன.

இத்தகைய குடும்பங்களிடம் கேட்கும் முதல் கேள்விகளில், பிளக்கில் செருகியிருக்கும் எல்லாவற்றின் பட்டியலும் சேர்ந்திருக்கிறது: எலி, கொசு விரட்டிகள், இன்வெர்ட்டர், மலிவான சார்ஜர்கள், மணம் வீசும் கருவிகள்.

கதவில் ஒட்டிய அட்டவணையில் ஒரு பத்தி கூடியிருக்கிறது. சிறுமி எழுதும் எண்ணுக்குப் பக்கத்தில், இரவு 9 மணிக்குள் பெரியவர் ஒருவர் படித்ததற்கான கையெழுத்து. கையெழுத்து இல்லாத கட்டத்தை அவள் விடுவதில்லை; பேனாவோடு வந்து நிற்கிறாள்.